கோல நோட்டிலிருந்து பலகைக்கு: ஸ்க்ரோல் சா பழகப்போகிறவர்களுக்கு

மார்கழியில் விடிகாலையில் போட்ட கோலம் பத்து மணிக்குள் சைக்கிள் சக்கரத்திலும் ஆட்டுக் குளம்பிலும் போய்விடும். அதைப் பலகையில் அறுத்து மாட்டி வைத்தால் என்ன என்று ஒரு வருஷம் தோன்றியது. அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு தாமரைக் கோலத்தைப் படியெடுத்துப் பலகையில் ஒட்டினேன். இரண்டு மணி நேரம் குனிந்து அறுத்தேன். கடைசி வளைவு முடிந்ததும் பலகையைத் தூக்கினால், தாமரை மொத்தமும் கழன்று மேசைக்கு அடியில் கிடந்தது. கையில் வெறும் வளையம்.

இயந்திரத்தின் மேல் தப்பில்லை, கை நடுக்கமும் இல்லை. வரைபடம்தான் தப்பு. தரையில் மாவு எங்கே விழுந்தாலும் அங்கேயே கிடக்கும். மரத்தில் அப்படி இல்லை. பக்கத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் எந்த இயந்திரம் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வரைபடத்துக்கு வருகிறேன், எனக்கு அடி விழுந்த இடம் அதுதான்.

கடையில் என்ன கேட்பது

ஹார்ட்வேர் கடையில் ஸ்க்ரோல் சா என்று கேட்டால் பத்தில் எட்டுக் கடையில் ஜிக் சாவை எடுத்து நீட்டுவார்கள். அது கையில் பிடித்துப் பலகை மேல் நகர்த்தும் கருவி. ஸ்க்ரோல் சா அப்படியே நேரெதிர்: இயந்திரம் மேசையில் அசையாமல் இருக்கும், நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஆடும், பலகையை நாம் திருப்பித் திருப்பி ஊட்ட வேண்டும். தையல் மெஷினில் துணியைத் திருப்புகிற கை இருந்தால் இதுவும் வரும். எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் ஒருநாள் கொடுத்துப் பார்த்தேன். நான் ஒரு மாதம் பழகிய வளைவைப் பத்தே நிமிடத்தில் போட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

பணம் போடுவதற்கு முன்னால் கை ரம்பத்தில் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். ஃப்ரெட் சா என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நகை வேலை செய்யும் பத்தர்கள் கையில் வைத்திருக்கும் சிறு வில் ரம்பமும் ஏறக்குறைய இதே சாதிதான். அவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் சட்டம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே கிடைக்கும் பிளேடு உலோகத்துக்கானது. பல் ரொம்பப் பொடி. மரத்தூள் அடைத்துக்கொண்டு சூடேறும். மரத்துக்கான பிளேடைத் தனியாக வாங்குங்கள். மேசை ஓரத்தில் ஒரு பலகையை சி கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் முன்விளிம்பில் குருவி வாய் திறந்த மாதிரி ஒரு முக்கோணம் வெட்டிவிடுங்கள். ரம்பம் அந்த வாய்க்குள் ஆட, வேலைத்துண்டு இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும். இப்படிப் பழகிய கைக்கு இயந்திரம் வந்தபின் வேகம் மட்டும்தான் புதிது.

இயந்திரம் என்று வந்தால், தொடக்கநிலைக்கே ஐந்து இலக்க விலை. பார்க்க வேண்டியது மூன்று.

பிளேடிலிருந்து பின்கை வரை உள்ள இடைவெளி, அதாவது தொண்டை, வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் 16 இஞ்ச். நமக்கு அது போதும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 400 முதல் 1600 வரை பிளேடு ஆடும் இயந்திரங்கள் சகஜம். தொடங்குகிறவர்களுக்குக் கீழ்ப் பாதியே தாராளம்.

மூன்றாவது, பலர் ஏமாறும் இடம். பிளேடில் இரண்டு வகை உண்டு: முனையில் குறுக்கே சின்ன முள் உள்ளது ஒன்று, முள் இல்லாமல் வெறும் முனையாக இருப்பது இன்னொன்று. முள் பிளேடை மாட்டுவது சுலபம், ஆனால் அந்த முள் நுழையப் பெரிய துளை போட வேண்டும். நுணுக்க வேலை அத்துடன் போச்சு. வெறும் முனைப் பிளேடு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் துளையிலேயே நுழைந்துவிடும். இரண்டையும் பிடிக்கும் இயந்திரமா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு ஆன்லைனில் விற்றவர் "ரெண்டும் போடலாம் சார்" என்றார். பெட்டியைப் பிரித்தால் முள் பிளேடுக்கான கொக்கி மட்டும் இருந்தது. திருப்பி அனுப்பிப் பணம் வருவதற்குள் ஒரு குறுவை அறுவடையே முடிந்துவிட்டது.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். இதன் மோட்டார் 100 வாட்டுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும், மிக்ஸியைவிட மிகக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். அதிர்வுதான் தொல்லை. லேசான மேசையில் வைத்தால் மேசையே நடக்க ஆரம்பிக்கும். கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். நான் கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழவியைக் கீழ்த்தட்டில் வைத்தேன். கிரைண்டர் வந்தபின் அதற்குக் கிடைத்த முதல் வேலை.

பிளேடு

வெறும் முனைப் பிளேடின் நீளம் 5 இஞ்ச். தடிமனை எண்ணால் சொல்வார்கள்; எண் ஏற ஏறப் பிளேடு அகலம். 3, 5, 7 என்று மூன்று எண்ணிலும் ஒவ்வொரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு எம்எம் பிளைவுட்டுக்கு 3, ஒன்பது எம்எம்முக்கு 5, முக்கால் இஞ்ச் தேக்குக்கு 7 என்று தொடங்கலாம். கடைசிச் சில பற்கள் மேல் நோக்கித் திரும்பியிருக்கும் ஒரு வகை உண்டு, ரிவர்ஸ் டூத் என்பார்கள். பிளைவுட்டின் அடிப்பக்கம் சிலாம்பு பெயராமல் இருக்க அதுதான் நல்லது. சுற்றிலும் பல் உள்ள முறுக்குப் பிளேடை இப்போது தொடாதீர்கள். எந்தப் பக்கமும் அறுக்கும் என்று ஆசை காட்டும். ஆனால் கோட்டில் நிற்காது.

பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். விரலால் கீழிருந்து மேலே தடவினால் பிடிக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டால் பலகை மேலும் கீழும் குதிக்கும். எல்லோரும் ஒருமுறை செய்கிற காரியம்தான்.

இறுக்கத்தைக் காதால் பாருங்கள். விரலால் சுண்டினால் தந்தி மாதிரி 'டிங்' என்று தெளிவாக ஒலிக்க வேண்டும். 'டொப்' என்றால் தளர்வு. வளைவில் பிளேடு தொந்தி போட்டு, மேலே கோட்டிலும் கீழே வேறெங்கோவும் போகும்.

பிளேடு உடையும். அரை மணி நேரம் உழைத்தால் அதுவே நல்ல பிளேடு. மொண்ணையாகிவிட்டதை அழுத்தித் தள்ளி ஓட்டுவதால்தான் பலகை கருகுகிறது. பிளேடில் கஞ்சத்தனம் பார்த்தால் மரம் போகும்.

பலகை

முதல் ஆறு மாதம் பிளைவுட். நார்வாட்டம் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், மெல்லிய பாகம் எந்தத் திசையில் போனாலும் ஒடிவது குறைவு. தனி மரத்தில் நாருக்குக் குறுக்கே ஐந்து எம்எம் அகலத்தில் ஒரு கொடியை விட்டால், உப்புத்தாள் போடும்போதே அது கையோடு வரும்.

பிறகு மரத்துக்கு வரலாம். ஃபர்னிச்சர் பட்டறைகளில் தேக்குத் துண்டு மூட்டையில் கிடக்கும், விறகு விலைக்குத் தருவார்கள். பூவரசு அறுக்கச் சுகம், விளிம்பு மழுங்காது. பலா இன்னும் நல்லது. தஞ்சாவூர் வீணையை அந்த மரத்தில்தான் கடைகிறார்கள், அந்த மஞ்சள் நிறத்துக்கு வேறு பூச்சே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த ஒரு பலா மரத்தின் பலகை இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அளந்து அளந்துதான் அறுக்கிறேன். தென்னையும் பனையும் வேண்டாம். கறுப்பு நார் பிளேடைத் தின்றுவிடும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அறுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் ஐப்பசி அடைமழையில் விளிம்பு ஊறி உப்பிவிடும்.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். எந்தத் தூளானாலும் நெஞ்சுக்கு ஆகாது. என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டுதான் ஸ்விட்ச்சைத் தொட வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரைபடம்: எது நிற்கும், எது விழும்

இணையத்தில் தேடினால் மான், மயில், கிறிஸ்துமஸ் மரம், கரடி என்று ஆயிரக்கணக்கில் வரைபடம் கிடைக்கும், இலவசமாகவே நிறைய. பழகும்போது அதில் நாலைந்தை அறுத்துப் பாருங்கள், தெரிந்தவர்கள் போட்ட வரைபடம் எப்படி இருக்கும் என்பது கைக்குப் புரியும். காசு கொடுத்து வாங்கிய வரைபடத்தை வாட்ஸப்பில் பரப்ப வேண்டாம், அது ஒருவருடைய பிழைப்பு. ஆனால் நம் ஊரில் இருந்துகொண்டு கரடியை அறுத்துக் கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வரைபடம் வீட்டிலேயே இருக்கிறது.

எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் ஒரு வேலை. நிற்கப்போகும் மரத்தையெல்லாம் பென்சிலால் தீற்றிக் கறுப்பாக்குங்கள். விழப்போகும் இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். இப்போது கறுப்பில் ஓர் எறும்பை விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையைத் தாண்டாமல் எல்லாக் கறுப்புக்கும் அந்த எறும்பு போய்வர முடிந்தால் அந்தப் படம் நிற்கும். எங்கே வழி அறுந்துபோகிறதோ அங்கே ஒரு பாலம் வரைய வேண்டும். என் தாமரையை இப்படி ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் பலகை மிஞ்சியிருக்கும்.

கோலங்களை இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. புள்ளிகளை நேராகச் சேர்த்துப் போடும் பூக்கோலம், தாமரைக் கோலம், இரட்டை இழையாக இழுக்கும் படிக்கோலம் எல்லாம் மரத்துக்கு ஆகாது. ஒன்றுக்குள் ஒன்றாக உறவில்லாமல் நிற்பவை அவை. பாலம் போட்டுப் போட்டு முடிப்பதற்குள் கோலம் கோலமாக இருக்காது. சிக்குக் கோலம் மட்டும் ஸ்க்ரோல் சாவுக்கென்றே யாரோ வரைந்து வைத்த மாதிரி இருக்கும். இழை போகிற வழியெல்லாம் இன்னொரு இழையைத் தாண்டித்தான் போகும். இழையை எட்டு எம்எம் பட்டையாகத் தடித்து வரைந்தால், ஒவ்வொரு குறுக்கீட்டிலும் மரம் மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. புள்ளிகள் மட்டும்தான் விழும். விழட்டும், புள்ளி இருந்த இடம் வெளிச்சமாகத் தெரியும்.

சிக்குக் கோலத்தில் இன்னொரு கணக்கு உண்டு. எத்தனை துளை போட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இழைகள் குறுக்கிடும் இடங்களை எண்ணுங்கள், அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அவ்வளவு துளை. மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் இழை குறுக்கிடும்படி போட்டால் 12 குறுக்கீடு. துளை 13: புள்ளியைச் சுற்றி ஒன்பது, நாலு புள்ளிகளுக்கு நடுவில் வரும் இடைவெளி நாலு. கோலம் ஒரே இழையா, மூன்று இழையா என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இழைகள் ஒன்றையொன்று தொட்டுத் தாண்டினால் இந்தக் கணக்கு தப்பாது. எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஓர் இழை தனியாக நிற்கிறது என்று அர்த்தம். பாலம் வேண்டிய இடம் அதுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "புள்ளிக்கு ஒண்ணு, பூவுக்கு ஒண்ணுன்னு எண்ணினா போச்சு, இதுக்கு ஒரு கூட்டல் கணக்கா?" என்றாள்.

கோலத்துக்கு அடுத்தபடி எல்லோரும் கேட்பது பெயர்ப்பலகை. தமிழ் எழுத்துக்கும் மரத்துக்கும் ஒரு சின்னத் தகராறு உண்டு. ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதினால் பெயர் முழுதும் ஒரே துண்டாக வந்துவிடும். நமக்குக் 'கோ' என்ற ஓர் எழுத்தே மூன்று துண்டு: முன்னால் கொம்பு, நடுவில் ககரம், பின்னால் கால். மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்கும். 'ஃ' என்றால் மூன்று பொட்டும் மூன்று திசையில் ஓடும். இதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். எழுத்துகளுக்கு அடியில் பத்து எம்எம் பட்டை ஒன்றை நீளமாக விட்டு, எல்லா எழுத்தையும் அதில் உட்கார வைப்பது ஒன்று. புள்ளியை மெல்லிய கழுத்தால் எழுத்தோடு சேர்த்துவிடலாம். கொடியில் காய் தொங்குவது போல இருக்கும், அழகாகவே இருக்கும். இல்லை, எழுத்துகளைத் தனித்தனியாக அறுத்து வேறு நிறப் பலகையில் ஒட்டிவிடலாம். தேக்குப் பலகையில் பலா எழுத்து எடுப்பாக இருக்கும்.

எழுத்தைத் துளையாக வெட்டி ஒளி வரவைக்க நினைத்தால் சிக்கல் தலைகீழாகும். க, வ, ண, ம போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் விழுந்துவிடும். சுழிக்கு ஒரு பாலம் விடுங்கள். பால் கேனிலும் லாரியிலும் தகட்டை வைத்து மை தடவி எழுதியிருப்பார்களே, அந்த எழுத்துகளில் நடுநடுவே விட்டிருக்கும் இடைவெளி இதற்காகத்தான்.

உருவங்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாராசுரம் கோயிலுக்குப் போய் வாருங்கள். அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம் இருக்கிறது, ரிஷபகுஞ்சரம். ஒரு பக்கத்தை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. வெளிக்கோடு ஒரே வளையம், உள்ளே நாலைந்து வெட்டு போதும். இரண்டாவது மாத வேலைக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தைப் பக்கவாட்டில் நிழல் விழவைத்து வரைந்துகொள்ளலாம். கோயில் சுவர்களில் கல்லில் துளைத்த சாளரங்களைப் பார்த்தால், நம் எறும்புக் கணக்கைச் சிற்பி எப்போதோ போட்டு வைத்திருப்பது தெரியும். கல்லிலும் எதுவும் அந்தரத்தில் நிற்காது.

மாடு அறுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. இணையத்தில் காளை என்று தேடினால் நெடுங்கொம்புக் காளைகள்தான் வரும். நம் சேற்று வயலுக்குச் சொந்தக்காரன் உம்பளச்சேரி இனத்து மாடு. கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றே அதற்குப் பெயர். கொம்பில்லாத அந்தக் குட்டை உருவத்தை அறுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தபோது, அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, "நம்ம செவலையோட அப்பன்டா இவன்" என்றார். சட்டென்று யார் என்று தெரிந்துவிட்டால் வெளிக்கோடு சரியாக வந்திருக்கிறது.

போட்டோவிலிருந்து எடுப்பதானால் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும்; போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கோடாக மாற்றித் தரும். மாற்றித் தருவதை அப்படியே நம்ப வேண்டாம், பொடிப்பொடியாய் நூறு தீவு போட்டிருக்கும். எறும்பை விட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டி முகத்தை அறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டு வருஷம் பொறுங்கள். மூக்கு ஒரு எம்எம் தள்ளிப்போனால் வேறு யாருடைய தாத்தாவாகவோ ஆகிவிடுவார்.

அளவு மாற்ற ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஏ4 படத்தை ஏ3 ஆக்க 141 சதவீதம் என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து அச்சிடும்போது தாளுக்குப் பொருந்தும்படி அது தானாகவே சுருக்கிவிடும். அதனால் படத்தின் ஓரத்தில் எப்போதும் 100 எம்எம் நீளத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அச்சில் ஸ்கேலை வைத்து அளந்தால் உண்மை தெரியும்.

முதல் வேலை: மூன்றுக்கு மூன்று, பாத்திரம் வைக்கும் தட்டு

ஒன்பது எம்எம் பிளைவுட்டில் ஆறு இஞ்ச்சுக்குக் குறையாத சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். தாளில் 40 எம்எம் இடைவெளியில் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டு, இழையை எட்டு எம்எம் பட்டையாகத் தடித்து வரையுங்கள். கறுப்பைத் தீற்றுங்கள், துளைகளை எண்ணுங்கள். 13.

பலகையின் மேல் முதலில் மாஸ்கிங் டேப்பைப் பரவலாக ஒட்டி, அதன் மேல் கோலத்தாளைக் குச்சிப் பசையால் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் டேப்போடு தாளும் உரிந்து வந்துவிடும். ஃபெவிகாலை நேரே பலகையில் தடவாதீர்கள். தாள் ஈரத்தில் நெளியும், கோடு நகரும், பிறகு சுரண்டிச் சுரண்டி விரல்தான் தேயும். தாளுக்கு மேலே ஒரு அடுக்கு, பார்சல் கட்டும் வழவழ டேப்பை ஒட்டிவிட்டால் விளிம்பு கருகுவது குறையும்.

13 வெள்ளை இடத்திலும் கோட்டுக்கு ஒட்டாமல் நடுவில் ஒரு துளை போடுங்கள். அடியில் ஒரு வீண் பலகையை வைத்துத் துளைத்தால் பின்பக்கம் பிய்யாது. துளைகளின் பின்முனையில் நிற்கும் சிலாம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் பலகை மேசையில் வழுக்காமல் முட்டும்.

அறுப்பதற்கு முன்பு மேசை பிளேடுக்கு நேர்ச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: தடித்த வீண் கட்டையில் இரண்டு எம்எம் ஆழத்துக்கு மட்டும் அறுத்து, கட்டையைப் பிளேடுக்குப் பின்னால் கொண்டு போய் அதே கீறலைப் பிளேடின் முதுகோடு சேர்த்துப் பாருங்கள். கீறல் முழு உயரத்துக்கும் பொருந்தினால் நேர். இல்லையென்றால் மேசையின் சாய்வைத் திருத்துங்கள்.

இனி அறுவை. மேல்பிடியிலிருந்து பிளேடைக் கழற்றி, துளை வழியாகப் பலகையைக் கோர்த்து, மறுபடி மாட்டி இறுக்குங்கள். நடுவில் இருக்கும் துளையில் தொடங்கி வெளியே வரவேண்டும். வெளிக்கோடு எப்போதும் கடைசி. ஓரத்தில் மரம் இருக்கும் வரைதான் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும்.

முதல் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம்: நேராகத்தான் தள்ளுகிறேன், ஏன் வலப்பக்கம் ஓடுகிறது? உங்கள் கை சரிதான். பிளேடு செய்யும்போது அதன் ஒரு பக்கத்தில் பிசிறு நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கிறது. பலகையை நாலைந்து டிகிரி சாய்த்துத் தள்ளினால் கோட்டுக்கு வந்துவிடும். ஒரு வீண் துண்டில் நேர்கோடு போட்டு அந்தச் சாய்வு எவ்வளவு என்று கைக்குக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பலகையை அழுத்தித் தள்ள வேண்டாம், பிளேடு தின்னும் வேகத்துக்குக் கொடுத்தால் போதும். கூர் மூலை வந்தால் முன்னே தள்ளுவதை நிறுத்துங்கள். பல்லில்லாத முதுகுப்பக்கம் லேசாக அணைத்தபடி பலகையை நின்ற இடத்திலேயே சுழற்றுங்கள், பிறகு போங்கள். கோட்டை விட்டு விலகிவிட்டால் சட்டென்று வெட்டித் திரும்பாதீர்கள், மெதுவாகச் சேருங்கள். இழையின் அகலம் அரை எம்எம் குறைந்ததை யாரும் பார்க்கப்போவதில்லை, திடுக்கென்று ஒரு முட்டு இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். விழும் துண்டுகளை வீசிவிடாதீர்கள். மெல்லிய வேலைகளில், அறுத்த துண்டைப் பழையபடி துளையில் வைத்து டேப் ஒட்டிவிட்டால், வெளிக்கோடு அறுக்கும்போது உள்ளே இருப்பது ஆடாது.

கை பழகியதும் நாலு எம்எம் பிளைவுட் மூன்றை அடுக்கி, ஓரமெல்லாம் டேப் சுற்றி ஒரே சமயத்தில் அறுக்கலாம். நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க மூன்று கோலம் ஒரே உட்காரலில் முடியும்.

பூச்சும் மழைக்காலமும்

உள் விளிம்புகளைப் பொடி அரத்தால் சரிசெய்து, 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பெயின்ட் பிரஷால் தூளைத் தட்டிவிட்டு எண்ணெய்க்கு வாருங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெய் பிசுபிசுவென்று தூசியைச் சேர்க்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சரி. அகலத் தட்டில் ஊற்றி அறுத்த பலகையை அதில் முக்கி எடுத்தால் பிரஷ் போகாத சந்துக்கும் போகும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள். சூடான பாத்திரம் வைக்கும் தட்டுக்கு எண்ணெய் ஒன்றே போதும். சுவரில் மாட்டுவதற்கு அரக்குப் பாலீஷ் போடலாம், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். ஈரக்காற்றில் அரக்கு வெள்ளை பூத்துவிடும். தை பிறக்கட்டும்.

அந்த மூன்று மாதமும் இயந்திரத்தின் இரும்பு மேசையில் மெழுகுவத்தியைத் தேய்த்து, துணியால் மெருகேற்றி வையுங்கள். துருப் பிடிக்காது, பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். பிளேடுகளை மாத்திரை டப்பாவில் போட்டு, அதோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் உள்ளே விட்டு மூடிவிடுங்கள். மழை நாளில் அறுக்க முடியவில்லை என்றால் கோல நோட்டை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து எறும்பை விட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டு நோட்டில் இதுவரை நாற்பது பக்கம் பார்த்திருக்கிறேன். நிற்கும் என்று மூலையில் டிக் அடித்தவை பதினொன்று. டிக் ஏன் என்று கேட்ட அம்மா, அன்று மாலையே டிக் இல்லாத பக்கம் ஒன்றில் இரண்டு இழையைக் கூட்டிப் போட்டு, "இப்ப நிக்குமா பாரு" என்று நீட்டினாள். எண்ணிப் பார்த்தேன். 29 குறுக்கீடு, 30 துளை. நிற்கும்.